எதிர்வீட்டு ஜன்னலில் தெரிந்த சித்தி கொடுமை

மைக்கக்காவுக்கு நிஜப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கையெழுத்துப் போடும்போது தவிர அது யாருக்கும் தேவைப்படுவதில்லை. ஓட்டுநர், நடத்துநர், தேநீர்க் கடைக்காரர், கட்டணக் கழிப்பறை வாசலில் உட்கார்ந்திருப்பவர் என்று எல்லாருக்கும் அவள் மைக்கக்காதான். பேருந்து நிலையத்தில் மாடிப்படிக்குக் கீழே கண்ணாடி வைத்த ஒரு பொந்து. அதுதான் பேருந்து அறிவிப்பாளரான அவள் அலுவலகம். உள்ளே ஒரு மேசை, ஒரு மைக், தலைக்கு மேலே காற்றைவிடச் சத்தத்தைத் தாராளமாகத் தரும் ஒரு மின்விசிறி. மைக்கைத் திறக்கும்போதெல்லாம் அதை அணைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் பயணிகளுக்கு ஊர்ப் பெயருக்குப் பதில் கடகடவென்ற சத்தம்தான் கேட்கும். எல்லாருக்கும் வழி சொல்லிவிட்டு அவள் மட்டும் வியர்வையில் குளித்துக்கொண்டிருப்பாள்.

அந்த வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. நிலையத்து பெஞ்சுகளில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டுதான் இருப்பார்கள். பக்கத்தில் வந்து ஹாரன் அடித்தாலும் அசையாத ஆள், தன் ஊர்ப் பெயர் காதில் விழுந்ததும் எழுந்து செருப்பைத் தேடுவான். அதனால் மைக்கக்கா கத்த மாட்டாள். ஊர்ப் பெயரை முதலில், நிதானமாக, ரெண்டு தரம் சொல்வாள். மற்றதெல்லாம் அப்புறம்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தொண்டை கிழியக் கத்திவிட்டு, பிறகு ஒரு வாரம் ஊமையாகக் கிடந்து கற்றுக்கொண்ட பாடம் அது.

கல்யாண விஷயத்தில் அவளை வீட்டார் எல்லாரும் கைகழுவியிருந்தார்கள். அவளும் அந்த ஆசையை மூட்டை கட்டி வைத்து வெகு நாளாகியிருந்தது. அப்போதுதான் பேக்கரிக்காரர் வந்து சேர்ந்தார். விடிந்ததும் ரொட்டித் தட்டுகளோடு நிலையத்துக் கடைகளுக்கு வருகிறவர், மனைவியை இழந்தவர், எட்டு வயதில் ஒரு பெண் பிள்ளை. ஒரு நாள் கண்ணாடிக் கதவைத் தட்டித் திறந்து, "உங்க குரலைக் கேட்டுட்டுப் போனாத்தான் எனக்கு அன்னைக்குப் பொழுது நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். பாவம், மைக் திறந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. நிலையம் முழுக்கக் கேட்டுவிட்டது. அதற்கப்புறம் கல்யாணத்தைத் தவிர வேறு வழி?

பேக்கரிக்காரரின் மகளை வீட்டில் குண்டூசி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒல்லி உடம்பு, தலை மட்டும் கொஞ்சம் பெரிது, பேச்சில் நல்ல முனை. சித்தி வந்த அன்று அவளை மேலிருந்து கீழ்வரை அளந்து பார்த்துவிட்டு, "நீங்க வீட்லயும் மைக்லதான் பேசுவீங்களா?" என்று கேட்டாள்.

மைக்கக்கா கையை வாயருகே குவித்துக்கொண்டாள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. இந்த வீட்டில் மைக் கிடையாது."

குண்டூசியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. எங்கே சிரித்துவிடுவோமோ என்று பயந்தவள் போல உடனே தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு பல வாரம் 'ம்', 'இல்ல', 'வேணாம்' என்ற மூன்றே சொற்களில் காலத்தை ஓட்டினாள்.

சித்தி என்ற சொல்லைப் போலக் கெட்ட பெயர் வாங்கிய உறவு இன்னொன்று கிடையாது. அம்மாவின் தங்கையும் சித்திதான். அவளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அப்பாவைக் கட்டிக்கொண்டு வந்தவள் என்றால் போதும், தெருவே கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துவிடும். எப்போது சூடு போடுவாள், எப்போது பட்டினி போடுவாள் என்று அப்படி ஒரு ஆவல். சோறு போட்டுத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பினால் பார்க்கிறவர்களுக்குச் சப்பென்று போய்விடுகிறது போலும்.

மைக்கக்காவின் விஷயத்தில் இந்தக் காவல் வேலையை ஏற்றுக்கொண்டவள் எதிர்வீட்டுத் தையல்காரம்மா. கெட்டவள் என்று சொல்ல முடியாது. குண்டூசியின் அம்மாவுக்கு உயிர்த்தோழியாக இருந்தவள். பிள்ளை மேல் உள்ள பாசம் நிஜமானது. ஆனால் மாடி ஜன்னலோரம் அவள் தையல் மெஷின் இருந்த இடம் அப்படி. பேக்கரிக்காரர் கட்டடத்தில் கீழே பேக்கரி அடுப்பு, மேலே வீடு. அந்த வீட்டில் குண்டூசி படுக்கும் அறை, அதை ஒட்டினாற்போல் துணி துவைக்கும் இடம். இரண்டும், ஒரு சைக்கிள் மட்டுமே போகக்கூடிய சந்துக்கு மறுபுறம், மெஷினுக்கு நேர் எதிரே சினிமாத் திரை மாதிரி விரிந்து கிடந்தன. கை பழக்கத்தில் தைத்துக்கொண்டே போகும். கண் சும்மா கிடக்குமா?

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு நாள் காலை, மைக்கக்கா குண்டூசியின் மெத்தையைத் தட்டிப் போடப் போனாள். விரிப்புக்குக் கீழே பிள்ளையின் மழைக்கோட்டு விரித்திருந்தது. சொட்டு மழை இல்லாத மாதத்தில் அது நனைந்திருந்தது. எடுத்து முகர்ந்து பார்த்ததும் விளங்கிவிட்டது. வீட்டில் எந்நேரமும் கீழிருந்து ரொட்டி வாசனை ஏறிக்கொண்டிருந்ததால் இத்தனை நாள் யார் மூக்குக்கும் இது எட்டவில்லை.

திரும்பினால், மறந்துபோன சாப்பாட்டு டப்பாவை எடுக்க வந்த குண்டூசி வாசலில் நிற்கிறாள். முகத்தில் ஈயாடவில்லை.

"தண்ணி கொட்டிடுச்சு," என்றாள்.

"சரி. தண்ணிதான். காய வச்சிடலாம்."

சண்டைக்குத் தயாராக நின்றவளுக்கு அந்தப் பதில் போதும்போலிருந்தது. கண் நிறைந்துவிட்டது. "அப்பாகிட்ட சொல்லிடுவீங்களா?"

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது விஷயம். அம்மா இருந்தபோது எப்போதாவது படுக்கை நனையும். அம்மா போன பிறகு அநேகமாகத் தினமும். அப்பா அடுப்பு வேலையை முடித்துவிட்டு மாடிக்கு வந்து, விரிப்பை அலசிப் போட்டுவிட்டு, குழாய் பக்கத்திலேயே வெகு நேரம் உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். ஒரு நாள் குண்டூசி விரிப்பைத் தானே அலசி மறைவாகப் போட்டுவிட்டு, "நின்னுடுச்சுப்பா," என்று சொல்லிவிட்டாள்.

"அம்மா போனதுக்கப்புறம் அன்னைக்குத்தான் அப்பா சிரிச்சாரு," என்றாள். "அதான், நின்னது நின்னதாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஒரு சிரிப்பைக் காப்பாற்றுவதற்காக இந்தப் பொடிசு வருஷக்கணக்கில் தனியாக விரிப்பு அலசிக்கொண்டிருக்கிறது. மைக்கக்காவுக்குக் கட்டிக்கொள்ளத் தோன்றியது, கட்டிக்கொண்டால் திமிறிவிடுமோ என்று கையை அடக்கிக்கொண்டாள்.

"நீயா சொல்ற வரைக்கும் நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அப்பாகிட்டயும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

குண்டூசி மூக்கை உறிஞ்சிக்கொண்டே யோசித்தாள். "மைக்ல பேசறவங்களால ரகசியத்தை வச்சிக்க முடியுமா?"

"முடியாதுதான். முயற்சி பண்றேன்," என்றாள் மைக்கக்கா. அன்றைக்கு இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். முதல் தடவை.

அந்த வாரமே பிள்ளையைக் குழந்தைகள் டாக்டரிடம் கூட்டிப் போனாள். டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்து, பரிசோதனையெல்லாம் செய்து, உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்றார். பிறகு நாற்காலியைக் குண்டூசியின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு அவளிடமே பேசினார்.

"இது உன் தப்பு இல்லம்மா. சோம்பேறித்தனமும் இல்ல. உன்னை மாதிரி நிறைய பேர் இருக்காங்க, யாரும் வெளிய சொல்றதில்ல, அவ்வளவுதான். உன் தூக்கம் ரொம்ப ஆழம். மூத்திரப் பை நிறைஞ்சிடுச்சுங்கற சேதி மூளைக்குப் போய்ச் சேரல. நாளாக ஆகத் தானா சேரும். நாமளும் கொஞ்சம் உதவி பண்ணலாம்."

உதவி என்னவென்றும் சொன்னார். பகலில் நன்றாகத் தண்ணீர் குடிப்பது, படுக்கப் போகும் நேரத்தில் குறைத்துக்கொள்வது. நனைந்த துணியை மாற்றும்போதும் அலசும்போதும் பிள்ளையும் கூட நிற்பது. தண்டனையாக இல்லை, கூட்டாளியாக. அப்புறம் ஒத்திகை. பகலில் சும்மா படுத்து, எழுந்து, கழிப்பறை வரைக்கும் நடந்து போய், திரும்பி வந்து படுக்க வேண்டும். திரும்பத் திரும்ப. "வழி உடம்புக்குப் பழகணும். அவசரப்படாதீங்க. முக்கியமா, திட்டாதீங்க," என்றார் மைக்கக்காவைப் பார்த்து.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் குண்டூசி ஒரு கல்லைக் காலால் தள்ளிக்கொண்டே வந்தாள். திடீரென்று நின்று, "சேதி போய்ச் சேரலையாமே," என்றாள். "அனௌன்ஸ்மெண்ட் சரியில்ல போலிருக்கு." சொல்லிவிட்டு மைக்கக்காவை ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்தாள். அறிவிப்பாளராக இத்தனை வருஷம் குப்பை கொட்டியவளுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டுமா?

அன்று சாயங்காலமே சேவை தொடங்கிவிட்டது. கழிப்பறைக்கு ஒரு ஊர்ப் பெயர் வேண்டும் என்றாள் மைக்கக்கா. பெயர் இல்லாத ஊருக்கு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், அது அவள் தொழில் அனுபவம். குண்டூசி நகத்தைக் கடித்து யோசித்து, 'காய்ந்தபட்டி' என்று வைத்தாள். பிறகு கட்டிலில் கால் நீட்டிப் படுத்து, கண்ணை இறுக்கி மூடி, தேவைக்கு அதிகமாகவே குறட்டை விட்டாள். மைக்கக்கா வாசலில் நின்று கையைக் குவித்தாள்.

"காய்ந்தபட்டி... காய்ந்தபட்டி... காய்ந்தபட்டி செல்லும் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது. பயணிகள் படுக்கையை விட்டு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, வலது புறமாக நடந்து செல்லவும்."

குண்டூசி துள்ளி எழுந்து ஓடுவாள். திரும்பி வந்து தொப்பென்று விழுவாள். மறுபடி குறட்டை, மறுபடி அறிவிப்பு, மறுபடி ஓட்டம். சில நாள் ஜன்னலோர இருக்கை கேட்டு அடம்பிடிப்பாள். சில நாள், "சில்லறை இல்ல, ஏத்திக்குவீங்களா?" என்பாள். ஒரு தடவை வழியில் பேருந்து பழுதாகிவிட்டது என்று நடுக்கூடத்தில் உட்கார்ந்தே விட்டாள். மைக்கக்கா பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போய்ச் சேர்க்க வேண்டியதாயிற்று. நாள் முழுக்கப் பேசிக் களைத்து வந்தவளுக்கு இந்த ஓவர்டைம் மட்டும் அலுக்கவே இல்லை. மெல்ல மெல்ல அவள் குரலைக் குறைத்துக்கொண்டாள். குண்டூசி தன் மனசுக்குள்ளேயே ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொண்டு எழுந்திருக்கப் பழகினாள்.

ஒன்றும் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. நனைந்த காலைகளே அதிகம். அந்தக் காலைகளில் பேக்கரிக்காரர் மேலே வருவதற்குள் இருவரும் விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்து எதிரெதிராக முறுக்கிப் பிழிவார்கள். பிறகு ஒரு நாள், பல் தேய்க்காத வாயோடு குண்டூசி சமையலறைக்கு வந்து, மைக்கக்காவின் கழுத்தை வளைத்து இழுத்துக் காதில் கிசுகிசுத்தாள். "காய்ஞ்சிருக்கு." அவ்வளவுதான். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள், ஒருவரும் அடுப்பை அணைக்கவில்லை. மைக்கக்காவுக்கு அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன் வந்ததில்லை. கல்யாணத்தன்றைக்குக்கூட இல்லை என்றால் பேக்கரிக்காரர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

சரி, இதெல்லாம் வீட்டுக்குள்ளே. ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருந்தது?

தையல்காரம்மா முதலில் பார்த்தது, விடிந்ததும் விடியாததுமாகப் பிள்ளை ஈரத்துணி பிழிவதை. அடுத்து, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளை தண்ணீர்ச் செம்பைத் தொட, சித்திக்காரி, "போதும், வை," என்று வாங்கி வைப்பதை. மூன்றாவதுதான் அவள் ரத்தத்தைக் கொதிக்க வைத்தது. சாயங்காலமானால் களைத்துப் படுத்திருக்கும் பிள்ளையை இவள் வாசலில் நின்று ஏதோ அதட்டி எழுப்புகிறாள், பிள்ளை பதறி ஓடுகிறது, வந்து படுக்கிறது, மறுபடி எழுப்புகிறாள். மெஷின் ஓடும் சத்தத்தில் சொற்கள் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. துணி துவைக்க வைப்பது, தண்ணீர் தர மறுப்பது, தூங்க விடாமல் விரட்டுவது. சித்தி கொடுமை என்றால் வேறு என்ன? டாக்டரிடம் கூட்டிப் போனதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. எங்கே அடித்தாளோ, என்னவாயிற்றோ!

மூன்று ரவிக்கையைத் தப்பாகத் தைத்த பிறகு தையல்காரம்மாவால் பொறுக்க முடியவில்லை. பேக்கரிக்காரரின் அக்காவுக்குப் போன் போட்டு, ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டாள்.

அக்கா காய்கறி மண்டி நடத்துகிறவள். லாரிச் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்துக் கொடுத்து, ரகசியம் பேசினாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும். அதே மண்டிச் சத்தத்தில் காது மட்டும் கொஞ்சம் மந்தம். ஞாயிற்றுக்கிழமை காலை, முன்னறிவிப்பு இல்லாமல், கையில் ஒரு பெரிய பெட்டியோடு படியேறி வந்தாள். பெட்டி காலி. பிள்ளையின் துணிமணியை அள்ளிப் போட்டுக்கொண்டு போவதற்காகக் கொண்டுவந்தது. பின்னாலேயே கழுத்தில் டேப்போடு தையல்காரம்மா, சாட்சி சொல்ல. கீழே அடுப்படியிலிருந்த பேக்கரிக்காரரும் மாவுக் கையோடு மேலே அழைக்கப்பட்டார்.

"ஏம்மா, நேராவே கேக்கறேன்," என்றாள் அக்கா. "இந்தப் பிள்ளை வீட்ல துணி துவைக்குதா இல்லையா?"

"துவைக்கறா அண்ணி. என்கூட சேர்ந்து," என்றாள் மைக்கக்கா.

"ராத்திரி தண்ணி கேட்டா குடுக்க மாட்டேங்கறியாமே?"

"கொஞ்சமா குடுப்பேன் அண்ணி."

"படுத்த பிள்ளையை எழுப்பி எழுப்பி ஓட விடறியாமே?"

"ஆமா அண்ணி."

மூன்று கேள்விக்கும் ஆமாம். தையல்காரம்மாவே திகைத்துப் போனாள். இல்லை என்று சாதிப்பாள், மடக்கிப் பிடிக்கலாம் என்று வந்தவள் அவள். பேக்கரிக்காரர் மனைவியை நம்ப முடியாமல் பார்த்தார்.

"ஏதாவது காரணம் இருக்கும்ல? சொல்லேன்."

"இருக்கு. சொல்ல முடியாதுங்க."

"என்கிட்டயுமா?"

"உங்ககிட்டயும்."

நாளெல்லாம் பேசிப் பிழைக்கிறவள் பேச வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் தீர்ந்துவிடும். அந்த வார்த்தை அவளுடையது இல்லை. குண்டூசி கதவோரத்தில் நிற்பது தெரிந்தும் அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பிப் பார்த்தால், 'நீ சொல்லேன்' என்று கேட்டதாக ஆகிவிடும். தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப பேச்சே வேணாம்," என்றாள் அக்கா. "எங்க பிள்ளையை நான் கூட்டிட்டுப் போறேன். குண்டூசி, துணியெல்லாம் எடுத்துட்டு வா."

குண்டூசி அறைக்குள் போனாள். திரும்பி வந்தபோது கையில் இருந்தது, அன்று காலை நனைந்து இன்னும் அலசாமல் வைத்திருந்த விரிப்பு. அதை அத்தையின் காலடியில் போட்டாள். வாயைத் திறந்து ஏதோ முணுமுணுத்தாள்.

"என்னடி? கேக்கல," என்றாள் அத்தை.

மறுபடி சொன்னாள். காற்றுதான் வந்தது.

"சத்தமா சொல்லுடி, காதுல விழல!"

குண்டூசி கண்ணை மூடிக்கொண்டு, கையை முஷ்டி பிடித்துக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினாள். "நான் படுக்கையில ஒண்ணுக்குப் போயிடறேன்!"

கீழே பேக்கரியில் ரொட்டி வாங்க நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

கதவு திறந்துவிட்டது, இனி அவளை யாரால் நிறுத்த முடியும்? "துணி துவைக்கறது கூட்டு வேலை. டாக்டர் சொன்னாங்க. தண்ணி ராத்திரிதான் கொஞ்சம், பகல்ல வயிறு உப்பற வரைக்கும் குடிக்கறேன். ஓடறது ஒத்திகை. காய்ந்தபட்டிக்கு. இப்பல்லாம் பாதி நாள் காஞ்சிருக்கு, தெரியுமா? சித்தி யார்கிட்டயும் சொல்லல, ஏன்னா நான் சொல்லக் கூடாதுன்னேன்." ஒரே மூச்சில் வந்தவள் அப்பாவைப் பார்த்ததும் தடுமாறினாள். "அப்பா... நின்னுடுச்சுன்னு சொன்னது பொய்ப்பா."

பேக்கரிக்காரர் தரையில் மண்டியிட்டார். "நான் சிரிக்கணும்னுதான் அப்படிச் சொன்னியா?"

அவள் தலையாட்டினாள். அவர் அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். கவுன் முழுக்க மாவு. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டுமாகத்தான் இருக்க வேண்டும். சிறிது நேரம் கழித்து மாவுக் கையை நீட்டி மைக்கக்காவின் புடவையைப் பிடித்து அவளையும் பக்கத்தில் உட்கார வைத்தார்.

அக்கா காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். பெட்டி நடுவில் அமுங்கியது. "ஏண்டி, இதைப் போயா தெருவுக்கே கேக்கற மாதிரி கத்துவ?"

"நீங்கதான அத்தை கேக்கலைன்னீங்க?"

முதலில் சிரித்தது யார் என்பதில் இன்றைக்கும் அந்த வீட்டில் தகராறு உண்டு. மைக்கக்கா சத்தம் போட்டுச் சிரித்தாள் என்பது மட்டும் நிச்சயம். கண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். அக்கா அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "வாயைத் திறக்க மாட்டேன்னுட்டியேடி பாவி, நான் உன்னை என்னன்னு நினைச்சுட்டேன்," என்றாள். மண்டிக்காரியின் தட்டு, ரெண்டு நாள் வலித்தது.

தையல்காரம்மாவுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. முகம் சுண்டைக்காயாகிப் போனது. நேராகக் குண்டூசியின் அறைக்குள் போனாள். கழுத்திலிருந்த டேப்பை எடுத்து மெத்தையின் நீள அகலத்தை அளந்தாள். மறுநாள், தண்ணீர் இறங்காத துணியில் சிவப்புப் பூப்போட்டு, நாலு ஓரமும் எலாஸ்டிக் வைத்து ஒரு உறை வந்து சேர்ந்தது. அதற்கடுத்த நாள் இன்னொன்று, மாற்றிப் போட. இரண்டிலும் தையல் அத்தனை நேர்த்தி.

அக்கா புறப்படும்போது வாசலில் நின்று கேட்டாள். "லீவுக்கு அத்தை வீட்டுக்கு வருவியா?"

ஒவ்வொரு லீவுக்கும் ஏதோ ஒரு சாக்குச் சொல்லித் தப்பித்து வந்தவள் குண்டூசி. தலைவலி, வீட்டுப்பாடம், பூனைக்குப் பால் வைக்க ஆளில்லை. அந்த வீட்டில் பூனையே கிடையாது. இந்தத் தடவை, "வரேன். ஆனா நனைச்சாலும் நனைச்சிடுவேன்," என்றாள் குண்டூசி.

"நனைச்சுட்டுப் போ. மண்டியில சாக்குக்கா பஞ்சம்?"

ஒத்திகை அதற்குப் பிறகும் நடந்தது, கதவைத் திறந்து போட்டுக்கொண்டே. அப்பா சில நாள் நடத்துநராக வந்து டிக்கெட் கிழித்தார். தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தாள், இந்தத் தடவை சொற்களையும் கேட்டுக்கொண்டு. காய்ந்த காலைகள் கூடின, நடுநடுவே நனைந்தவையும் வந்தன. அப்படி ஒரு காலை, குண்டூசி எழுந்து ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, பால் கேட்கிற அதே சாதாரணக் குரலில், "சித்தி, இன்னிக்கு நனைஞ்சிடுச்சு!" என்று சமையலறைக்குச் சத்தம் கொடுத்தாள். சந்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து தையல்காரம்மா, "மாத்து உறை பரண்ல இருக்கு கண்ணு!" என்றாள். மைக்கக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். டாக்டரம்மா சொன்னபோதுகூட முழுசாக வராத நம்பிக்கை அப்போதுதான் வந்தது. இந்தப் பிள்ளைக்கு இனி பயமில்லை.

குண்டூசிக்கு இப்போது பன்னிரண்டு வயது. அத்தை வீட்டில், பள்ளிச் சுற்றுலாவில், தோழி வீட்டில் என்று எங்கே வேண்டுமானாலும் படுத்துத் தூங்கிவிட்டு வருகிறாள். கடைசியாகப் படுக்கை நனைந்தது எந்த நாள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. மைக்கக்காவும் ஞாபகப்படுத்திப் பார்த்து, முடியாமல், அதை நினைத்து ஒரு நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த நாள் அது பாட்டுக்கு வந்து போயிருக்கிறது, வீட்டில் ஒருத்தர்கூடக் கவனிக்கவில்லை.